மேல்வீட்டுக்காரரின் நீர் மாத்திரை

என் அக்காவின் கணவருக்கு வேலை அறுபது மீட்டர் உயரத்தில். கட்டடம் எழும்பும் இடங்களில் நெடுநெடுவென்று கிரேன் நிற்குமே, அதன் உச்சியில் ஒரு கண்ணாடி அறை ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், காலுக்குக் கீழேயும் கண்ணாடி. காலை ஏழு மணிக்கு ஏணியைப் பிடித்தால் மேலே போய்ச் சேர இருபது நிமிடம். சாயங்காலம்தான் இறங்குவார். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது. சைட்டில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, மேல்வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். "மேல்வீட்டுக்காரர் இன்னிக்கு எப்படி இருக்கார்?" என்று என்னிடம் விசாரித்த பிறகுதான் மேஸ்திரிகள் கம்பிக் கட்டைத் தூக்கித் தரச் சொல்வார்கள்.

என்னிடம் ஏன் விசாரிக்க வேண்டும் என்றால், நான்தான் கீழ்வீடு. கிரேனுக்கு சிக்னல் கொடுக்கிறவன். சுமையைக் கொக்கியில் மாட்டியதும் வாக்கிடாக்கியில் அவரிடம் சொல்வேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கீழே இருப்பவன் சொல்வதை மேலே இருப்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "மெதுவா தூக்குங்க" என்றால் "மெதுவா தூக்கறேன்." "நிறுத்துங்க" என்றால் "நிறுத்திட்டேன்." திருப்பிச் சொல்லாதவரை கொக்கி அசையக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும், முடியாவிட்டால் செய்யவே கூடாது. பாதி செய்வது, தானாக மாற்றிச் செய்வது, இதெல்லாம் ஆளைக் கொல்லும்.

மாமாவுக்கு இந்த விதி எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. "வர்றப்போ சோப்பு வாங்கிட்டு வாங்க" என்று அக்கா சொன்னால், "வர்றப்போ சோப்பு வாங்கிட்டு வர்றேன்" என்பார். கல்யாணமான புதிதில் அக்கா அதைக் கேலி என்று நினைத்து இரண்டு நாள் பேசாமல் இருந்தாளாம். அப்புறம் அதுவே பிடித்துப்போனது. இந்தத் தெருவில் பெண்டாட்டி சொன்னதை ஒழுங்காகக் காதில் வாங்குகிற ஒரே ஆம்பளை தன் புருஷன்தான் என்று பீற்றிக்கொள்வாள். ராத்திரிச் சாப்பாட்டில் மாமா ஊர்ச் செய்தி சொல்வார். எந்த மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை மூடாமல் வைத்திருக்கிறார்கள், யார் வீட்டுத் துணி இரண்டு நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது, எந்த எஞ்சினியருக்குத் தலையில் சொட்டை பெரிதாகிறது. எல்லாம் மேலிருந்து பார்த்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்தது ஒரு எட்டு நிமிடத்தைப் பற்றி. ஆனால் அது அன்றைக்குத் தொடங்கவில்லை. இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன மாத்திரை இருக்கிறது, அதில் தொடங்கியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற கம்பெனி மருத்துவச் சோதனையில் மாமாவுக்கு பிரஷர் நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றெட்டு என்று வந்தது. மாமா சிரித்தார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஏணியில் என்னைவிட வேகமாக ஏறுகிறார். மெஷின்தான் கெட்டிருக்கும் என்றார். ஆனால் ஒரு மாதத்துக்குள் குறைத்துக் காட்டாவிட்டால் கிரேனில் ஏற்ற மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். அக்கா எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்குப் போனாள்.

அங்கே இருந்த நர்ஸம்மா கறாரான மனுஷி. கையில் பட்டையைச் சுற்றி மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் அதே கணக்கு.

"மேல் நம்பர், இதயம் அழுத்தித் தள்ளுறப்போ. கீழ் நம்பர், அது இளைப்பாறுறப்போ. உங்களுக்கு இளைப்பாறுறப்பவும் இறங்கல" என்றாள்.

"ஒண்ணும் பண்ணலையேம்மா எனக்கு" என்றார் மாமா.

"பண்ணாது. அதான் இதுல மோசமே. பண்ற அன்னிக்கு நேரா மூளையில பண்ணும், இல்ல நெஞ்சுல பண்ணும்."

எனக்கு அது உடனே புரிந்தது. கான்கிரீட் பம்ப் குழாய் அப்படித்தான். அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும், வெளியே பார்த்தால் குழாய் சாதுவாகக் கிடக்கும். வெடிக்கிற நிமிடம் வரைக்கும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு புரிந்தவன் பிற்பாடு செய்த காரியத்தை நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். வெள்ளை மாத்திரை ரத்தக்குழாயைத் தளர்த்தி அகலமாக்கும். இளஞ்சிவப்பு மாத்திரை நீர் மாத்திரை, உடம்பில் தேங்குகிற உப்பையும் தண்ணீரையும் சிறுநீரில் வெளியே தள்ளும். "ரெண்டும் சேர்ந்தாத்தான் வேலை செய்யும். நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. நல்லா இருக்கிறதே மாத்திரையாலதான். நீர் மாத்திரைய காலையில போடுங்க" என்றாள் நர்ஸம்மா.

"காலையில போடறேன்" என்று திருப்பிச் சொன்னார் மாமா. அப்போது நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அக்கா சமையலில் உப்பைப் பாதியாக்கினாள். பிரஷர் அவருக்கு, பத்தியம் எனக்கும் சேர்த்து. பிரஷர் இறங்கியது. நீர் மாத்திரை போட்டால் காலை பத்து மணிக்குள் மூன்று தடவை முட்டிக்கொண்டு வரும். இறங்கி ஏற முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரை ஐம்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் மேலே ஒரு மூடி போட்ட டப்பா வைத்திருந்தார். எல்லா கிரேன்காரர்களும் வைத்திருப்பதுதான், யாரும் பேச மாட்டார்கள்.

பிறகு பக்கத்து சைட்டில் ஒரு ஆள் கிரேனிலேயே தூங்கிப்போனான். அதற்காக எங்கள் கம்பெனி கண்ணாடி அறைக்குள் கேமரா வைத்தது. ஆபீஸில் ஒரு சூப்பர்வைசர் நாள் முழுக்க அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்று சாயங்காலம் மாமா இறங்கி வந்தபோது முகம் சுண்டிப் போயிருந்தது.

"அந்தக் கண்ணு முன்னாடி எப்படி மாப்ள? ஆபீஸ்ல டீ குடுக்க வர்றவங்க வரைக்கும் பாக்கறாங்க."

"ஆபீஸ்ல சொல்லிப் பாக்கலாமே மாமா."

"என்னன்னு சொல்றது? எனக்கு மூத்திரம் வருதுன்னா?"

கூச்சம். இருபத்திரண்டு வருஷம் தனியாக வானத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு அந்தக் கூச்சம் உயிரைவிடப் பெரிதாக இருந்தது. கிளினிக் டாக்டர் சின்னப் பெண், அவளிடமும் சொல்ல மாட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கொள்ளுங்களேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"காலையிலன்னுதானே சொன்னாங்க. சிக்னல மாத்திக்கிட்டு நாமளா ஓட்டக் கூடாது மாப்ள" என்றார்.

சொன்னபடி முடியவில்லை, ஆகவே செய்யவில்லை. தொழில் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது. அதற்குமேல் நானும் வாதாடவில்லை. கிளினிக்குக்கு ஒரு நடை போய் வேறு நேரத்தில் போடலாமா என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. எனக்கு அது தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. நாளைக்குப் போகலாம் என்று விட்டேன்.

தினமும் காலை ஆறரைக்கு நான் மோட்டார் பைக்கோடு அவர் வீட்டு வாசலில் நிற்பேன். அக்கா மாத்திரைகளைத் தம்ளர் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள். மாமா வெள்ளையை விழுங்குவார். இளஞ்சிவப்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பார். சமையலறையிலிருந்து குரல் வரும்.

"போட்டாராடா?"

"போட்டாருக்கா" என்பேன்.

தெரு திரும்பியதும் மாமா அதைத் துப்பி, காகிதத்தில் சுற்றி, பின்னாலிருந்து என் சட்டைப் பையில் போடுவார். எறிந்துவிடச் சொல்வார். மருந்தை எறிய எனக்குக் கை வரவில்லை. விசில் வைக்கிற தகர டப்பாவில் போட்டு வைத்தேன். எச்சில் பட்டுக் கரைந்து உருவம் கெட்ட மாத்திரைகள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிஜமாகவே போட்டுக்கொள்வார்.

அடுத்த சோதனைக்கு யோசனை சொன்னது நான். அதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. "ஒரு வாரம் முன்னாடியே லீவ் போடுங்க மாமா. வீட்ல உக்காந்து ரெண்டு மாத்திரையும் ஒழுங்கா போடுங்க. இறங்கிடும்" என்றேன். பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் படிக்கிற மாதிரி. வந்தது நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்தாறு. தகுதி உண்டு என்று கையெழுத்துப் போட்டார்கள். கிளினிக்கிலும் அதே சீட்டைக் காட்டினார். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, இதையே தொடருங்கள் என்று அந்தச் சின்ன டாக்டர் சந்தோஷப்பட்டாள். நாங்கள் கொடுத்த பொய்க் கணக்கை வைத்துக்கொண்டு அவளால் வேறென்ன சொல்ல முடியும்? அந்தச் சீட்டை அக்கா கண்ணாடி அலமாரியில் செருகி வைத்தாள்.

ஒருநாள் அவள் துணி துவைக்கும்போது மாமாவின் கைக்குட்டையில் இளஞ்சிவப்புக் கறையைப் பார்த்தாள். அவரிடம் கேட்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எங்கிட்ட மறைக்காத. மாத்திரை உள்ள போகுதா, இல்லையா?"

அவள் என்னைவிட ஏழு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனவள். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "போகுதுக்கா. நான்தான் தினமும் பாக்கறேனே."

"நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு கைக்குட்டையை மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். மாமாவுக்குக் கிரேன் போய்விட்டால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் மாமா ஒரு கம்பிக் கட்டைக் குறியிலிருந்து இரண்டடி தள்ளி இறக்கினார். அவருக்கு சிக்னல் கொடுத்த பதினான்கு வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததே இல்லை. காற்று என்று நினைத்தேன். இன்னொரு நாள் காலையில் பின்மண்டை கனமாக இருக்கிறது என்றார். தூக்கம் போதவில்லை என்று இரண்டு பேருமே முடிவு செய்தோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து நாற்பது. இரண்டு டன் கம்பிக் கட்டு ஒன்பதாவது மாடிக்குப் போகிறது. அங்கே கம்பி கட்டுகிறவர்கள் ஆறு பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"வலது பக்கம் திருப்புங்க மாமா" என்றேன்.

"வலது... பக்... கம்..." என்று வந்தது. குரல் இழுத்தது, வாயில் துணி வைத்துக்கொண்டு பேசுவது போல.

எங்கள் வாக்கிடாக்கிகள் பழசு. சார்ஜ் இறங்கினால் குரல் குழறும், அது தினமும் நடப்பதுதான். விதிப்படி நிறுத்தச் சொன்னேன். "நிறுத்துங்க. பேட்டரிய மாத்துங்க மாமா."

பதில் என்று ஒரு முனகல் வந்தது. கட்டு அந்தரத்தில் நின்றது. கைப்பிடியிலிருந்து கை எடுபட்டால் கிரேன் தானாக பிரேக் பிடித்துக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். இருந்தும் அவர் சொன்னபடி நிறுத்தியதாகத்தான் நினைத்தேன். மேஸ்திரியிடம், "மேல்வீட்ல கரண்ட் இல்ல போல" என்று ஜோக் வேறு அடித்தேன். அவர் சிரித்தார். நான் வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடியில் வெளிச்சம்தான் தெரிந்தது. கம்பிக் கட்டு காற்றில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது, அதன் நிழல் அந்த ஆறு பேர் முதுகில் போய் வந்தது.

எட்டு நிமிடம். நான் பேட்டரிக்காகக் காத்திருந்தேன்.

அப்போது ஆபீஸிலிருந்து சூப்பர்வைசர் என் போனில் கூப்பிட்டார். "என்னப்பா, உங்க மேல்வீட்டுக்காரர் சாஞ்சு தூங்கறாரு? வாயில எச்சில் வடியுது. நான் ரிப்போர்ட் எழுதப்போறேன்."

போன் கையிலிருந்து விழுந்தது. ஒன்பதாவது மாடியில் இருப்பவர்களை ஓடச் சொல்லிக் கத்திவிட்டு ஏணியைப் பிடித்தேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. அவர் நாற்காலியில் வலது பக்கம் சரிந்து கிடந்தார். ஒரு பக்க வாய் கீழே இறங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். வாக்கிடாக்கி இடது கையில் இறுக்கமாக இருந்தது, அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முழு சார்ஜ்.

"மாமா, நான்தான். ஒண்ணுமில்ல" என்றேன். அவர் திருப்பிச் சொல்ல முயன்றார். வரவில்லை.

ஸ்ட்ரெச்சரில் கட்டி அவரைக் கீழே இறக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் இருநூற்று இருபதுக்கு நூற்று முப்பது. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது.

அக்கா ஓடி வந்தாள். கையில் துணிப்பை. அதில் கிளினிக் சீட்டுகள், மாத்திரை அட்டைகள், கண்ணாடி அலமாரியிலிருந்த அந்தத் தகுதிச் சீட்டு. ஆஸ்பத்திரி டாக்டர் நடு வயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். "என்னென்ன மாத்திரை சாப்பிடறார்? ஒழுங்கா சாப்பிடறாரா?"

"ஒரு நாள் விட்டதில்ல டாக்டர்" என்றாள் அக்கா. அழுகைக்கு நடுவிலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. "நான் எடுத்து வைப்பேன், இவன் பாத்துச் சொல்லுவான்."

டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். இரண்டு மாத்திரையும் தினமும் போட்டும் இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும், வேறு கோளாறு இருக்கிறதா என்று தேட வேண்டும், மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும் என்று பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொல்லிக்கொண்டே போனார். இல்லாத நோயைத் தேடப் போகிறார்கள், பொய்யை நம்பி மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்று எனக்கு உறைத்தது. வாயைத் திறக்காமல் அப்படியே நின்றுவிடலாம். அக்காவுக்குக் கடைசி வரை தெரியாது. சத்தியமாக அப்படியும் ஒரு நினைப்பு வந்தது.

தகர டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மூடியைத் திறந்தேன்.

"நீர் மாத்திரைய அவர் போடல டாக்டர். ஏழு மாசமா. ஞாயித்துக்கிழமை மட்டும்தான்." கேமராவையும், கிரேனில் வைத்திருந்த மூடி போட்ட டப்பாவையும், சோதனைக்கு முந்தின வாரத்தையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அக்கா பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் எழுதியதை அடித்தார். அவர் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போட்டிருக்கலாமே. காலையிலன்னு சொல்றது ராத்திரி தூக்கம் கெடக் கூடாதுன்னுதான். அதுவும் ஒத்துவரலன்னா வேற ரகம் எத்தனையோ இருக்கு, நீர் பிரிக்காத மாத்திரை. ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாத்திக் குடுத்திருப்பாங்க" என்றார்.

அக்கா டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். ஒட்டிக்கொண்டு கிடந்த மாத்திரைகளை விரலால் பிரித்தாள். நூற்றுக்கு மேல் இருக்கும்.

"நீ பாத்ததா சொன்னியேடா."

அவ்வளவுதான் கேட்டாள். என்னை அடித்திருக்கலாம்.

மாமா பிழைத்தார். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். கிரேனில் இப்போது வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கேமரா அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் ஆள் இறங்கி ஏற முக்கால் மணி நேரம் தர வேண்டும் என்று நான் ஆபீஸில் போய்ச் சண்டை போட்டு எழுதி வாங்கினேன். அதைக் கேட்க எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

காலை ஆறரைக்கு இப்போதும் அந்த வீட்டுக்குப் போகிறேன். அக்கா என்னை வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மாமாவை நிமிர்த்தி உட்கார வைப்பேன். இப்போது மாத்திரை நான்கு, அதில் ஒன்று அதே இளஞ்சிவப்பு. "வாயத் திறங்க மாமா" என்பேன். அவர் உதடு அசையும், திருப்பிச் சொல்லப் பார்ப்பார். காற்று மட்டும் வரும். நான் காத்திருப்பேன். அவர் முயன்று முடிக்கும்வரை மாத்திரையைக் கொடுப்பதில்லை. ஒவ்வொன்றாக வைத்துத் தண்ணீர் புகட்டுவேன்.

சமையலறையிலிருந்து குரல் வரும்.

"போட்டாராடா?"

"போட்டாருக்கா" என்பேன்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். என்னைத் தாண்டிக் குனிந்து, மாமாவின் கன்னத்தை விரலால் விலக்கி, உள்ளே பார்ப்பாள். முதலில் ஒரு பக்கம், பிறகு இன்னொரு பக்கம். நாக்கைத் தூக்கச் செய்து அடியிலும் பார்ப்பாள். பிறகு முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போவாள்.